ரசிகர் மனதில் யாருக்கு இடம்?

பிடித்த கதை முடிந்துவிட்டதே என்று ஏங்குபவர்கள், அதைத் தாங்களே நீட்டி எழுதிக்கொள்வதுதான் ஃபேன் ஃபிக்‌ஷன். ஹாரி பாட்டருக்கும் ஷெர்லாக் ஹோம்ஸுக்கும் இப்படி ரசிகர்கள் எழுதிய கதைகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. காசு கிடையாது. பலர் சொந்தப் பெயரில்கூட எழுதுவதில்லை. இக்கதைகளைச் சேர்த்துவைக்க ரசிகர்களே நடத்தும் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' 2019-இல் ஹ்யூகோ விருது பெற்றது. ஆசை ஒன்றை மட்டுமே முதலாகப் போட்டு வளர்ந்த உலகம் இது. அதனால்தான் அங்கே நிறவெறி தலைகாட்டும்போது எனக்குக் கூடுதலாக வலிக்கிறது.

சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலில் (2008) ரூ என்று ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமி வருகிறாள். அவள் தோல் கரும்பழுப்பு நிறம் என்பதை ஆசிரியர் முதல் அறிமுகத்திலேயே சொல்லிவிடுகிறார். உருவத்திலும் சுபாவத்திலும் நாயகியின் தங்கை ப்ரிம்மைப் போலிருக்கிறாள் என்பதையும் அதே வாக்கியத்தில் சேர்க்கிறார். 2012-இல் வந்த படத்தில் அமாண்ட்லா ஸ்டென்பெர்க் ரூவாக நடித்தபோது, நாவலை உருகிப் படித்த ரசிகர்கள் சிலர் ட்விட்டரில் கொதித்தார்கள். ரூ கறுப்பினத்தவள் என்று தெரிந்ததும் அவள் சாவு அவ்வளவாக வருத்தவில்லை என்றுகூட ஒருவர் எழுதினார். ஒரே வாக்கியத்தில் பாதி மனதில் தங்கியது, மறுபாதி கண்ணில் பட்டும் உள்ளே போகவில்லை. பாசத்துக்குரிய குழந்தை வெள்ளையாகத்தான் இருப்பாள் என்று மனம் முன்பே முடிவுகட்டியிருந்தது.

படிப்பதிலேயே இப்படி என்றால், எழுதும்போது இன்னும் எத்தனை கசியும்? 2010 ஜனவரி 12 அன்று ஹெய்தியை 7.0 அளவிலான நிலநடுக்கம் தாக்கியது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் நொறுங்கியது, லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆறு மாதம் ஆவதற்குள் 'சூப்பர்நேச்சுரல்' தொடரின் ரசிகர் வட்டத்தில் ஒரு நீண்ட கதை வெளியானது. அத்தொடரின் வெள்ளை நடிகர்கள் இருவருக்குள் மலரும் காதல்தான் கதை. காதல் மலரும் இடம், அந்த இடிபாடுகள். ஹெய்தி மக்களை இழிவாகவும் வெறும் பின்னணிப் பொருளாகவும் காட்டுகிறது என்று வாசகர்கள் பலர் கண்டித்தார்கள். அடிமைகள் எழுந்து நின்று பிரெஞ்சுப் படையை முறியடித்து 1804-இல் உருவாக்கிய நாடு அது. அந்த விடுதலைக்கு 1825-இல் பிரான்ஸ் விதித்த நஷ்டஈட்டைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டி நலிந்த நாடு. பிணங்களைத் தோண்டியெடுத்து முடிக்காத ஊரில் பிறர் காதலுக்கு மேடை போடுவதற்குக் கெட்ட எண்ணம் வேண்டியதில்லை. அங்கே இருப்பவர்களும் கதைக்கு உரியவர்கள்தான் என்று தோன்றாமல் போனாலே போதும்.

எழுதப்படாத கதைகளும் இதில் சேரும். 2015-இல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' வரிசைப் படமான 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்'-இல் கறுப்பின நடிகர் ஜான் போயெகா நடித்த ஃபின் ஒரு முக்கியப் பாத்திரம். ஆனால் ரசிகர்கள் ஏராளமாக ஜோடி சேர்த்தது கைலோ ரென்னையும் ஜெனரல் ஹக்ஸையும். இருவரும் கொலைகாரர்கள், இருவரும் வெள்ளையர்கள், சேர்ந்து தோன்றும் காட்சிகளோ மிகச் சில. தனித்தனியே பார்த்தால் எந்த எழுத்தாளர் மீதும் பழி சொல்ல முடியாது, அவரவர் ரசனை அவரவருக்கு. மொத்தமாகக் கூட்டிப் பார்க்கும்போதுதான் நம் கற்பனை யாருக்கு வாரி வழங்குகிறது, யாரிடம் கஞ்சத்தனம் காட்டுகிறது என்பது தெரிகிறது.

இதைச் சுட்டிக்காட்டினால் வரும் முதல் பதில், "பிடிக்கலைன்னா படிக்காதீங்க." ரசனை வேறுபாடுகளுக்கு அது நல்ல விதி, பல வீண் சண்டைகளைத் தவிர்த்திருக்கிறது. ஒருவரின் மானம் மிதிபடும் இடத்தில் அது வாயை அடைக்கும் விதியாகிவிடுகிறது. இலவசமாக எழுதுபவரைக் குறை சொல்லலாமா என்பது அடுத்த பதில். அன்னதானச் சோறானாலும் கல் கடிபட்டால் பல் வலிக்கத்தானே செய்யும்? ருக்மிணி பாண்டே என்ற இந்திய ஆய்வாளர் வெள்ளையரல்லாத ரசிகர்களின் அனுபவங்களை 2018-இல் ஒரு நூலாகவே எழுதினார். இனப் பாகுபாட்டைப் பேசினாலே சந்தோஷத்தைக் கெடுக்க வந்தவர் என்ற பட்டம் கிடைப்பதை அதில் காணலாம். 2023-இல் ஆர்க்கைவை நடத்தும் அமைப்பை நோக்கி ரசிகர்கள் ஓர் இயக்கமாகவே திரண்டார்கள். நிறவெறிக்கு எதிராக 2020-இல் கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்று கேட்டார்கள்.

"நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை" என்ற மறுப்பில்தான் பெரும்பாலான விவாதங்கள் சிக்கிக்கொள்கின்றன. எழுதியவரின் மனதை யாரும் திறந்து பார்க்க முடியாது, எழுதிய வரியை எல்லோரும் பார்க்கலாம். பேச்சு அந்த வரியைப் பற்றி இருக்கட்டும். எந்த இடம் உறுத்துகிறது என்று சொல்லிவிட்டால் திருத்துவதற்கும் வழி பிறக்கும்.

அதைச் சொல்லும் சுமை எப்போதும் புண்பட்டவர் தலையிலேயே விழுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் வலியையும் தாங்கி, பணிவாகவும் பேசி, ஆதாரமும் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த வரி யாரைக் குத்தவில்லையோ அவர்கள் முதலில் பேசினால் அந்தச் சுமை பாதியாகும். ஒரு கதையை மனதாரப் பாராட்டுகிற எனக்கு, அதில் உறுத்தும் வரியையும் அதே பாராட்டின் கீழே எழுதும் கடமை இருக்கிறது.