கடவுளுக்கு ஒரு காற்புள்ளி

கருணையுள்ள கடவுள் மன்னிப்பார் என்றால், கருணையில்லாத கடவுளும் உண்டா? ஆங்கிலத்தில் 'ஹூ' (who) என்று தொடங்கும் அட்ஜெக்டிவ் கிளாஸ், அதாவது பெயரை விவரிக்கும் துணை வாக்கியம் போட்டு இதை எழுதுபவர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கிளாஸின் இருபுறமும் காற்புள்ளி இட்டால், ஒரே கடவுளைப் பற்றிய கூடுதல் செய்தி அது. காற்புள்ளி இல்லையென்றால், பல கடவுளரில் ஒருவரைப் பிரித்துக் காட்டுவதாகவே பொருள்படும்.

இந்த வேறுபாட்டைத் துருவி ஆராய்ந்தவர்கள் பிரான்சின் போர்-ராயல் மடத்தைச் சார்ந்த அறிஞர்கள். ஆன்டுவான் அர்னோவும் கிளோத் லான்ஸ்லோவும் 1660இல் ஓர் இலக்கண நூல் வெளியிட்டார்கள். அர்னோவும் பியேர் நிக்கோலும் சேர்ந்து எழுதிய தர்க்க நூல் 1662இல் வந்தது. விளக்கும் கிளாஸ், வரையறுக்கும் கிளாஸ் என்ற பிரிவை அந்தத் தர்க்க நூல் விரிவாகப் பேசுகிறது.

இலக்கண நூல் எடுத்துக்கொண்ட உதாரணமே இறையியல்தான்: கண்ணுக்குத் தெரியாத கடவுள், கண்ணுக்குத் தெரியும் உலகைப் படைத்தார். இந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று கூற்றுகள் இருப்பதாக அவர்கள் கண்டார்கள். கடவுள் காணப்படாதவர், அவர் உலகைப் படைத்தார், உலகம் காணப்படுவது. நடுவிலுள்ளதே முதன்மைக் கூற்று. மற்ற இரண்டும் அதற்குள் அடங்கியவை.

அப்படியானால் இந்த வாக்கியத்தை மறுக்கும் நாத்திகர் எதை மறுக்கிறார்? படைப்பையா, படைத்தவரையா?

மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1966இல் இதே உதாரணத்தை மொழியியல் விவாதத்துக்குள் மீண்டும் கொண்டுவந்தார். காற்புள்ளிக்கே திரும்புவோம்: ஆங்கிலத்தில் சமய நூல்களை வாசிப்பவர்கள், 'ஹூ' வரும் இடத்தில் காற்புள்ளி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.