கடன் யாருக்கு? – மன்னாரை முன்வைத்து ஒரு விசாரணை

வாக்களித்தவர் ஒருவர், வாக்கினைப் பெற்றவர் ஒருவர் என்றிருக்கும்போது அறவியற் சிக்கல் எளிதானது. வாக்களித்தோர் பலராகவும், அவ்வாக்கு தனக்கு அளிக்கப்பட்டிருப்பதையே அறியாதவள் அதனைப் பெற்றவளாகவும் இருக்கும்போது அக்கடப்பாடு என்னவாகின்றது? சர்வதேச நிறுவனங்கள் பால்நிலைச் சமத்துவம் குறித்து 1979 தொடக்கம் ஏற்றுவந்துள்ள கடப்பாடுகள் இவ்வினாவையே எழுப்புகின்றன. இதனைப் பொதுப்படையாக ஆராய்வதிலும் ஒரு குறித்த நிலப்பரப்பில் நிறுத்தி ஆராய்வதே பயனுடையது. மன்னார்த் தீவும் அதனை அடுத்துள்ள கரையோரமும் அதற்குப் பொருத்தமான களம். ஏனெனில், இலங்கையில் சர்வதேச நிறுவனங்களின் வாகனங்களை நெடுங்காலமாகக் கண்டுவரும் பிரதேசங்களுள் அது ஒன்றாகும்.

தமிழகத்திலிருந்து திரும்பிய அகதிகளின் பொருட்டு அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர்ஸ்தானிகராலயம் 1987 இல் இலங்கைக்கு வந்தது. தலைமன்னார் அத்திரும்புகையின் வாயிலாயிற்று. 1990 இல் மீண்டும் போர் மூண்டபோது அதே கரையிலிருந்து மக்கள் இராமேஸ்வரம் நோக்கிப் படகேறினர். ஏறாதவர்களுக்கென மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்கள் அமைந்தன. அவ்வாண்டு ஒக்ரோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிற் குடியேறினர். 2008 இல் வன்னியிலிருந்து தப்பி வந்தோர் களிமோட்டையிலும் சிறுக்கண்டலிலும் அடைக்கப்பட்டனர். போர் முடிந்தபின் வீடமைப்பும் வாழ்வாதாரமும் மீன்பிடியும் கடனுதவியும் எனத் தனித்தனித் துறைகளுக்குத் தனித்தனி நிறுவனங்கள் வந்தன. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறத்தாழ ஓரிலட்சம் பேரே வாழ்ந்த ஒரு மாவட்டத்துக்கு இது சிறிய கூட்டமன்று.

இந்நிறுவனங்கள் யாவும் ஒரே வாக்கினை உடன்கொண்டு வந்தவை. பெண்களுக்கெதிரான சகல வடிவங்களிலுமான பாரபட்சங்களை ஒழித்தல் பற்றிய சமவாயம் 1979 டிசெம்பரில் நிறைவேறியது. இலங்கை அதனை 1981 இல் ஏற்புறுதி செய்தது. 1995 இல் பீஜிங் மாநாடு நடைபெற்றது. பெண்களும் சமாதானமும் பற்றிய பாதுகாப்புச் சபையின் 1325 ஆம் இலக்கத் தீர்மானம் 2000 ஒக்ரோபரில் வந்தது. அத்தீர்மானத்தைச் செயற்படுத்துவதற்கான இலங்கையின் முதலாவது தேசியச் செயற்றிட்டம் 2023 இல் வெளியாயிற்று என்பதை இடைக்குறிப்பாகச் சொல்லிவைக்கலாம். இருபத்துமூன்று ஆண்டுகள்! அதற்குள் மடு நிலையத்திற் பிறந்த பெண்குழந்தை தாயாகியிருப்பாள்.

வாக்களித்தோர் பலராயின் எவரும் தம்மைக் குறிப்பாகப் பொறுப்புடையோராகக் கருதுவதில்லை என்பதை அந்நிறுவனங்களும் உணராமலில்லை. நான்கு தனித்தனிப் பிரிவுகளை ஒன்றிணைத்து 2010 இல் ஐ.நா. பெண்கள் அமைப்பு உருவாக்கப்பட்டபோது, ஐ.நா. குடும்பம் முழுவதினதும் பொறுப்புக்கூறலை ஒருங்கிணைக்கும் பணியும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. 2012 இல் குடும்பம் முழுவதற்குமான செயற்றிட்டமொன்று நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு நிறுவனமும் 15 சுட்டிகளின்படி தன்னைத் தானே மதிப்பிட்டு ஆண்டுதோறும் அறிக்கை தரவேண்டும். கொள்கை உண்டா, பயிற்சி நடந்ததா, நிதி எவ்வளவு ஒதுக்கப்பட்டது, உயர் பதவிகளில் எத்தனை பெண்கள் என்பன போன்ற வினாக்களே அவற்றிற் பெரும்பாலானவை. 2018 இல் சுட்டிகள் 17 ஆகத் திருத்தப்பட்டபோது விளைவுகள் பற்றிய வினாக்களும் சேர்க்கப்பட்டன. இதனை ஏளனஞ் செய்வது தவறு. எவரும் எதுவும் கேளாதிருந்த நிலையோடு ஒப்பிடின் இது முன்னேற்றமே. எனினும், வினவுபவரும் விடையளிப்பவரும் ஒரே வீட்டார் என்பதும் கருத்திற் கொள்ளற்பாலது.

அதே 2012 ஆம் ஆண்டின் நவம்பரிலே, இலங்கையில் ஐ.நா.வின் செயற்பாடு பற்றிய உள்ளக மீளாய்வுக் குழுவின் அறிக்கையும் வெளியாயிற்று. சார்ள்ஸ் பெட்ரி தலைமையிலான அக்குழு, போரின் இறுதி மாதங்களில் ஐ.நா. அமைப்பு முழுமையாகவே தவறிவிட்டதென்றது. குடிமக்கள் கொல்லப்படுவதைத் தடுப்பது தமது பொறுப்பென்று கொழும்பிலிருந்த மூத்த அலுவலர் பலர் கருதவேயில்லை என்பது அதன் கண்டறிவுகளுள் ஒன்று. உணவு வழங்குவோர் உணவு வழங்கினர்; கூடாரம் அமைப்போர் கூடாரம் அமைத்தனர். ஒவ்வொருவர் பங்கும் வரையறுக்கப்பட்டிருந்தது. எவர் பங்கிலும் சேராத எச்சம் ஒன்றிருந்தது. அந்த எச்சமே மனித உயிர். உயிருக்கு நேர்ந்த இது சமத்துவத்துக்கு நேராதென்று நம்புவதற்குக் காரணம் எதுவுமில்லை.

பல கைகள் கூடிச் செய்யும் காரியத்தில் தனிக்கையின் குற்றம் மறைந்துபோகும் சிக்கலை 1980 இல் டெனிஸ் தொம்சன் என்னும் அமெரிக்க அறிஞர் விரிவாக ஆராய்ந்தார். கூட்டுப்பொறுப்பு என்ற பெயரில் தனிப்பொறுப்பைக் கரையவிடலாகாது என்பது அவர் முடிபு. ஒனோரா ஓநீல் என்னும் தத்துவாசிரியர் வேறொரு திசையில் இதனை அணுகினார். ஓர் உரிமையை அறிவித்தால் மட்டும் போதாது. அதனை நிறைவேற்றும் கடமை குறித்த எவருக்கேனும் பங்கிடப்படும்வரை அவ்வுரிமை யாரிடம் கோருவதென்று அறியமுடியாத வெற்றுரிமையே என்பது அவர் வாதம். மன்னாருக்கு இவ்விரு கருத்துக்களும் வேண்டும். ஆனால், இவையும் போதா. ஏனெனில், இங்கே கடமைகள் பங்கிடப்பட்டே இருந்தன. பங்குகளின் கூட்டுத்தொகை வாக்குக்குச் சமமாகவில்லை என்பதே பிரச்சினை.

காணி, வீடு என்பவற்றை எடுத்துக்கொள்வோம். கட்டுக்கரைக்குளத்தின் கீழுள்ள வயல்நிலங்கள் போன்ற குடியேற்றக் காணிகளுக்கு அரசு வழங்கும் அனுமதிப்பத்திரங்களை ஆண்டுவந்தது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம். அதன் வாரிசு அட்டவணை மகளுக்கு முன் மகனை நிறுத்தியது. இது 2022 இலேயே திருத்தப்பட்டது. சட்டத்தில் வரைவிலக்கணம் இல்லாதபோதும் அலுவலகப் படிவங்களில் ஆட்சிசெலுத்தும் ‘குடும்பத் தலைவர்’ என்னும் கூண்டு கணவன் பெயரையே நாடுவது வழக்கம். அவ்வழக்கத்தைக் கைவிட்டுக் கூட்டுடைமையை ஏற்குமாறு சமவாயத்தின் கண்காணிப்புக் குழு 2011 இல் இலங்கையைக் கேட்டது.

அதற்கு முந்திய ஆண்டிலேதான் இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. வடக்கிலே ஐ.நா. மனிதக் குடியிருப்பு நிறுவனம், செஞ்சிலுவைச் சங்கங்களின் சம்மேளனம் முதலியவை அதனை நடைமுறைப்படுத்தின. வீடொன்றுக்கு 550,000 ரூபா; பயனாளியே முன்னின்று கட்டவேண்டும்; பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு முன்னுரிமை. நோக்கம் நன்று. ஆனால் நடைமுறையிற் பார்ப்போம். கணவனை இழந்தவள் ‘பெண் தலைமைத்துவம்’ என்ற கூண்டுக்குள் வருகிறாள். மேசனைப் பிடிப்பதும், மணலும் சீமெந்தும் தேடுவதும், கூலிக்குப் போகவேண்டிய நாளிற் கட்டடத்துக்குக் காவலிருப்பதும் அவள் தலையில் விழுகின்றன. பணம் போதாதவிடத்துக் கடன் வாங்குகிறாள். அடுத்த வளவிலே கணவனோடு வாழ்பவள் அக்கூண்டுக்குள் வருவதில்லை. காணி கணவன் பெயரில் இருப்பின் அவள் கட்டிய வீடும் அவன் காணியோடு சேர்ந்ததே. கணவன் காணாமலாக்கப்பட்டவள், இறப்புச் சான்றிதழ் பெற மனம் ஒவ்வாதவள், எந்தக் கூண்டிலும் ஒழுங்காகப் பொருந்துவதில்லை.

வீடமைப்பு நிறுவனம் முன்னுரிமை கொடுத்தேன் என்று எழுதலாம்; அது உண்மை. நிதி கொடுத்த நாடு பணம் சேர்ந்ததென்று எழுதலாம், அதுவும் உண்மை. பிரதேச செயலகம் சட்டப்படி நடந்தேன் எனலாம். காணியுரிமை எமது பணியெல்லைக்குள் இல்லையென்று வாழ்வாதார நிறுவனம் கூறுவதும் பொய்யன்று. எல்லோரும் மெய்யே சொல்லியிருக்க, அளித்த வாக்கு நிறைவேறாமல் நிற்கும். எனவே, ஒருங்கிணைப்பு என்பது அறிக்கைகளைச் சேர்த்துக் கட்டுவதாயின் அதனால் ஆவது சிறிதே. எவர் அறிக்கையிலும் வராத எச்சத்தைத் தன் பெயரில் ஏற்பவர் ஒருவர் இருத்தலே ஒருங்கிணைப்பின் பொருளாதல் வேண்டும்.

‘பொறுப்புக்கூறல்’ என்ற சொல்லைச் சற்று நின்று நோக்குவோம். பொறுத்தலாவது சுமத்தல். சுமப்பவர் தம் சுமையைப் பற்றிக் கூறுதலே பொறுப்புக்கூறல். இன்று கூறல் வளர்ந்திருக்கிறது. பொறுத்தல் அவ்வளவுக்கு வளரவில்லை. ‘கடன்’ என்ற சொல்லோ இன்னும் பொருள்பொதிந்தது. கடமையும் கடன், வாங்கிய காசும் கடன். வடக்கிலே போருக்குப்பின் முதலாவது பொருளிற் பெண்களுக்குப் பட்ட கடன் இரண்டாவது பொருளில் அவர்கள்மேல் ஏறிய வரலாறு உண்டு. பெண்களை வலுவூட்டுதல் என்ற பெயரோடு நுண்கடன் ஊரூராக வந்தது. 2018 இல், வறட்சியாற் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கவேண்டிய நிலை அரசுக்கு ஏற்பட்டது. அவ்வாண்டு இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, கடன் அறவிடுவோரின் தொல்லைகளைப் பற்றிக் கவலை தெரிவித்தார். வலுவூட்டலைப் போற்றியவர்களுள் எவரேனும் தம் பங்குக்கு இதனை ஏற்றுக்கொண்டனரா என்பதே நாம் கேட்கவேண்டியது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். அது வலுவான தடையே. சர்வதேச நிறுவனம் விருந்தாளி. சமவாயத்தில் ஒப்பமிட்டது அரசு. பெண் கேள்வி கேட்கவேண்டியது தன் அரசை. நிறுவனங்கள் மக்களுக்கு நேரே விடைகூறத் தொடங்கின், வாக்குப்பெறாத இரண்டாவது அரசாங்கமொன்றை உருவாக்கியதாகும். இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சமவாயத்தின் 22 ஆம் உறுப்புரையும் ஐ.நா. சிறப்பு முகவர் நிறுவனங்களைக் கண்காணிப்புக் குழுவின்முன் அறிக்கை தருவோராகவே அழைக்கிறது. சாட்சிக்கூண்டிலன்றி எதிரிக்கூண்டில் அவை நிற்பதில்லை. 1946 ஆம் ஆண்டின் சிறப்புரிமைகள் பற்றிய சமவாயமோ ஐ.நா.வை நாட்டு நீதிமன்றங்களுக்கு அப்பால் வைத்துள்ளது. ஆயினும், விருந்தாளி என்னும் வாதம் ஒன்றை மறக்கிறது. வீட்டுக்காரன் சார்பில் வாக்களித்த விருந்தாளி அவ்வாக்கினால் அவ்வீட்டிலே தனக்கும் ஓர் இடத்தைப் பெற்றுக்கொண்டவன். நிதி திரட்டும்போது மன்னார்ப் பெண்ணின் படத்தைக் காட்டுபவர், அவள் கேட்கும்போது மட்டும் அரசைக் கைகாட்டுதல் முறையாகாது.

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை இத்துறையில் எவரும் நினைப்பதில்லை, நினைக்கலாம். கண்ணகிக்கு எந்த வாயிலுக்குச் செல்வதென்பதில் ஐயமிருக்கவில்லை. வாயிலோன் சென்று சொன்னான், அரசன் அழைத்தான், சான்று எதிரெதிரே உடைக்கப்பட்டது. அரசியின் சிலம்பிலிருந்து முத்துத் தெறித்திருக்க வேண்டும். அம்முத்து இம்மன்னார்க் குடாவினதாகவும் இருந்திருக்கலாம். அக்கதையின் தண்டனையை நாம் விரும்பவேண்டியதில்லை. வாயில் ஒன்று, அதில் விடைகூறுபவன் ஒருவன் என்ற அமைப்பே நோக்கற்பாலது.

அத்தகைய வாயில்கள் இன்றும் சில உண்டு. உலக வங்கி 1993 இலும் ஆசிய அபிவிருத்தி வங்கி 2003 இலும், தம் திட்டத்தாற் பாதிக்கப்பட்டோர் இருவரேனும் கூடித் தம்மிடமே முறையிடும் பொறிமுறையை ஏற்படுத்தின. தீவின் தென்கரையில் 2020 இல் இயங்கத் தொடங்கிய ‘தம்பபவனி’ காற்றாலை ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனிலே கட்டப்பட்டது. ஆகவே, அக்காற்றாடிகளின் நிழலில் வாழும் இரு பெண்களுக்கு மணிலாவில் ஒரு வாயில் திறந்திருந்தது. அதனை அவ்விருவருக்கும் அவர்கள் மொழியிற் சொல்லியவர் யார் என்பது வேறு கேள்வி. எவ்வாறாயினும், பாதிக்கப்பட்டோர் நேரே கேட்டால் நிறுவனம் இயங்காது என்னும் அச்சம் ஆதாரமற்றதென்பதை இப்பொறிமுறைகள் காட்டியுள்ளன. அவற்றைப் பாதிப்புக்கு மட்டுமன்றிச் சமத்துவ வாக்குக்கும் விரித்தல் இயலாததன்று. ஊருக்கு வரும் ஒவ்வொரு திட்டமும், தான் ஏற்ற சமத்துவக் கடப்பாடு இன்னது, அதற்கு விடைகூறுபவர் இன்னார் என்பதை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுவரிலே தமிழில் ஒட்டிவைத்தல் முதற்படியாகலாம்.

கேட்பதற்கு ஆட்கள் இல்லையென்றும் கூறமுடியாது. 1990 இல் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுள் ஒருவரான ஷிரீன் ஸரூர் பின்னர் இணைநிறுவிய மன்னார் பெண்கள் அபிவிருத்திச் சம்மேளனம், தமிழ்ப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் ஒரே பாயில் அமரச்செய்த முயற்சியாகும். முசலியில் மீளக் குடியேறியவளுக்கும் மாந்தை மேற்கில் மீளக் குடியேறியவளுக்கும் படிவத்தின் கூண்டு ஒன்றே என்பதை அத்தகைய கூட்டங்களிலேயே காணமுடியும். நிறுவனங்களின் துறைவாரிக் கூட்டங்களிற் காண்பதரிது. ஆனால், உள்ளூர்ப் பெண்கள் அமைப்புக்கள் பலவும் அந்நிறுவனங்களின் நிதியிலேயே இயங்கவேண்டியுள்ளன. அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தத்தை யாரிடம் எதிர்பார்க்கிறார்களோ அவரிடமே சென்ற ஆண்டின் கணக்கைக் கேட்கவேண்டும். இந்த முடிச்சை எந்தச் சுட்டியும் அளப்பதில்லை.

பேசாலையிலும் வங்காலையிலும் கருவாடு காயவைக்கும் பெண்களை நோக்குக. சிறு அளவிலான மீன்பிடி பற்றி உலக உணவு விவசாய நிறுவனம் 2014 இல் அங்கீகரித்த வழிகாட்டல்கள் பால்நிலைச் சமத்துவத்தைத் தம் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்றாக ஏற்றன. கடலுக்குப் போகிறவரையே மீனவர் எனக் கொள்ளும் கணக்கில், கரையில் வலையிலிருந்து நண்டு கழற்றுபவளும் மீனை வெட்டி உப்பிடுபவளும் தொழிலாளராக வருவதில்லை. வலையும் இயந்திரமும் வழங்கும் திட்டமொன்று அக்கணக்கைக் கைக்கொண்டே பயனாளிகளைத் தெரிந்தால், உலக அளவில் ஏற்ற கோட்பாடு கரையை வந்தடையும்போது படகில்லாதவளைக் காணாது. அவளை அக்கணக்கிற் சேர்க்கவேண்டியவர் கடற்றொழில் திணைக்களமா, வழிகாட்டலை எழுதிய நிறுவனமா, வலைக்குப் பணம் கொடுத்த நாடா? மூவரும் ஒரே மேசையில் அமரும் மாவட்டச் செயலகக் கூட்டத்தில், அவளும் ஒரு கதிரையில் இருந்து அதனைக் கேட்கும்வரை, அவ்வினா நிகழ்ச்சி நிரலுக்கு வரப்போவதில்லை.