ஓதிக் கொடுக்க ஒரே வழி போதுமா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய திருத்தூதர் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



நம் பிள்ளைகள் அலிஃப், பே தொடங்கி முப்பது ஜுஸ்வையும் ஓதி முடிக்கிறார்கள். அன்று வீட்டில் துஆ ஓதி இனிப்பு வழங்குகிறோம். ஆனால், ஓதி முடித்த பிள்ளை அடுத்த மாதம் தொழுகைக்கு வருகிறதா? ஓதிய ஸூராவின் கருத்தைக் கேட்டால் சொல்கிறதா? இல்லையென்றால் பிள்ளையை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. நாம் கற்றுக் கொடுத்த முறையையும் பார்க்க வேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரே முறையில் கற்பிக்கவில்லை. விஷயத்துக்குத் தக்கபடியும் ஆளுக்குத் தக்கபடியும் கற்பித்தார்கள்.

முதலாவது, உஸ்தாது ஓத, பிள்ளைகள் திருப்பி ஓதும் முறை. ரமலான் தோறும் ஜிப்ரீல் (அலை) அவர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் குர்ஆனை ஓதிச் சரிபார்த்து வந்தார்கள். ஸே, ஸீன், ஸாத் மூன்றும் தமிழ்க் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். அவற்றின் வேறுபாடு உஸ்தாதின் வாயிலிருந்து வர வேண்டுமே தவிர, புத்தகத்திலிருந்து வராது. இம்முறையின் பலம் இது. பலவீனமும் உண்டு. முப்பது பிள்ளைகள் ஒன்றாக ஓதும் சப்தத்தில் ஒரு பிள்ளையின் பிழை மறைந்துவிடும். நாவு ஓடும், உள்ளம் வேறெங்கோ இருக்கும். ஸஹாபாக்கள் பத்து ஆயத்துகளைக் கற்றால், அவற்றிலுள்ள அறிவையும் அமலையும் அடையும்வரை அடுத்த பத்துக்குப் போகமாட்டார்கள் என்று அபூ அப்துர் ரஹ்மான் அஸ்ஸுலமீ (ரஹ்) அறிவிக்கிறார்கள். நாமோ எத்தனை பக்கம் முடிந்தது என்றுதான் கேட்கிறோம்!

இரண்டாவது, செய்து காட்டும் முறை. நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை மிம்பரின் மீது நின்று தொழுதார்கள். ஸஜ்தாவுக்கு மட்டும் கீழே இறங்கினார்கள். மக்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளவே அவ்வாறு செய்ததாகக் கூறினார்கள். ஒளூவையும் தொழுகையையும் ஒரு மணி நேரம் விளக்குவதைவிட ஒருமுறை செய்து காட்டுவது மேல். ஆனால் பார்த்துப் பழகும் பிள்ளை பிழையையும் சேர்த்தே பழகும். தந்தை அவசர அவசரமாகக் குனிந்து நிமிர்ந்தால் மகனின் தொழுகையும் அப்படித்தான் அமையும்.

மூன்றாவது, கேள்வி கேட்டுச் சிந்திக்க வைப்பது. இலை உதிராத ஒரு மரம் முஸ்லிமுக்கு உவமை. அது எது என்று நாயகம் (ஸல்) அவர்கள் சபையில் கேட்டார்கள். பலரும் காட்டு மரங்களை நினைத்தார்கள். பேரீச்ச மரம் என்பது இப்னு உமர் (ரலி) அவர்களின் மனத்தில் தோன்றியது. ஆனால் பெரியவர்கள் நடுவில் வயதில் சிறியவராக இருந்ததால் வெட்கப்பட்டு மௌனமாக இருந்துவிட்டார்கள். பின்னர் தந்தை உமர் (ரலி) அவர்கள், நீ சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்ற கருத்தில் கூறினார்கள். கேள்வி அறிவைத் தூண்டுகிறது. ஆனால் விடை தெரிந்த பிள்ளையே கூச்சத்தால் வாய் திறக்காமல் இருக்கக்கூடும். அந்தப் பிள்ளையை வீட்டில் தட்டிக் கொடுப்பது பெற்றோரின் கடமை.

நான்காவது, உபதேசம். ஒருவர் பேசிப் பலருக்கு எத்திவைக்கலாம். ஆனால் நீண்டால் சலிப்புத் தட்டும். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழக்கிழமைதோறும் உபதேசம் செய்வார்கள். தினமும் செய்யக் கூடாதா என்று கேட்டபோது, உங்களைச் சலிப்படையச் செய்ய நான் விரும்பவில்லை என்று மறுத்து, நாயகம் (ஸல்) அவர்களும் இப்படியே நடந்தார்கள் என்றார்கள்.

இனிப் பிரம்பு. அது உடனே அமைதியைத் தரும், அறிவைத் தராது. கடுமையாக நடத்தப்படும் பிள்ளை உற்சாகம் இழந்து, பொய்யையும் வஞ்சகத்தையும் பழகிக்கொள்ளும் என்று இப்னு கல்தூன் (ரஹ்) 1377-ல் எழுதிய முகத்திமாவில் எச்சரித்திருக்கிறார்கள். ஏழு வயதில் ஏவி, பத்து வயதில் அடிக்கச் சொல்லும் ஹதீதைச் சிலர் சான்று காட்டுவார்கள். அது தொழுகையைப் பற்றியது. அதிலும் மூன்று ஆண்டுகள் பொறுமையாக ஏவுவது முந்தி நிற்கிறது. எழுத்துப் பிழைக்குப் பிரம்பு எடுக்க அதில் இடம் எங்கே?

முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) என்ற ஸஹாபி, தொழுகையில் தும்மிய ஒருவருக்காக வாய் திறந்து துஆச் செய்துவிட்டார்கள். தொழுகை முடிந்ததும் நாயகம் (ஸல்) அவர்கள் அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. தொழுகையில் மனிதப் பேச்சுக்கு இடமில்லை என்று மட்டும் விளக்கினார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் அவர்களைவிடச் சிறந்த ஆசானை நான் கண்டதில்லை என்று அந்த ஸஹாபி சாட்சி கூறினார்கள்.

எனவே, எழுத்துக்குத் திருப்பி ஓதுதல், அமலுக்குச் செய்து காட்டுதல், அறிவுக்குக் கேள்வி, உள்ளத்துக்குச் சுருக்கமான உபதேசம் என்று நான்கையும் இணைத்துக்கொள்வோம். இன்றிரவு பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்தி ஒரு சின்ன ஸூராவை ஓதச் சொல்லி, அதன் கருத்தைப் பேசுங்கள். இஷாவுக்குக் கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள். மதரஸாவில் விதைத்த விதைக்கு வீடுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் மக்களைப் பயனுள்ள இல்மும், அதன்படி அமலும் உடையவர்களாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!