பிரமிட்டுச் சக்தியும் சோதனையின் நேர்மையும்

எகிப்து நாட்டில் கீசா என்னுமிடத்தே கூபு மன்னன் எழுப்பிய பெரிய பிரமிடு, ஏறத்தாழ 146 மீட்டர் உயரமுடையதாய் நின்றது. அவ்வடிவத்திற்கே ஓர் அரிய சக்தி உண்டு என்பர் சிலர். அட்டையால் அவ்வாறு ஒன்று செய்து வடக்குத் தெற்காக வைத்தால், உள்ளிருக்கும் இறைச்சி அழுகாதாம். மழுங்கிய சவர அலகும் கூராகுமாம். 1930களில் பிரான்சு தேசத்துப் போவிஸ் என்பவர் இத்தகைய கொள்கையைப் பரப்பினார். செக்கோஸ்லோவாக்கிய வானொலிப் பொறியியலாளர் கார்ல் திர்பால், அலகு காக்கும் பிரமிட்டுக்கு 1949இல் காப்புரிமை கோரி, 1959இல் பெற்றார். எனினும், காப்புரிமை ஒரு பொருளின் உரிமையைக் காக்குமேயன்றி, அதைப்பற்றிய கூற்றெல்லாம் மெய்யென்று நிலைநாட்டாது.

சோதித்துப் பார்ப்பது குற்றமா? அன்று, அதனை நாம் வரவேற்கிறோம். ஆயின் சோதனைக்கும் ஓர் அறம் உண்டு. பிரமிட்டினுள் வைத்த மீன்துண்டு காய்ந்தது என்று மகிழ்வோர், அதே அளவுத் துண்டை அதே அறையில் ஒரு சதுரப் பெட்டியிலும் வைத்தனரா? எது எதிலிருந்தது என்றறியாத ஒருவரைக் கொண்டு இரண்டையும் ஒப்பிட்டனரா? 1973இல் கானடாவில் வெளியான ஒப்புநோக்குச் சோதனைகள், பிரமிட்டு வடிவத்திற்குத் தனிச் சிறப்பொன்றும் காணவில்லை. மெல்லிய துண்டு காற்றில் எங்கும் உலரும். எகிப்தியர்தாமும் பிணத்தைக் காக்க வடிவத்தை நம்பினாரல்லர். உள்ளுறுப்புகளை நீக்கி, ஒருவகை உவர்ப்பில் பலநாள் இட்டு ஈரத்தை வாங்கினர். கருவாடு போடும் நம் தாய்மார்க்கு இது விளங்காததன்று.

“அட்டைதானே, எவருக்கு என்ன நட்டம்?” என்று கேட்கலாம். தம் வீட்டில் தமக்காகச் செய்து பார்ப்பவரால் எவருக்கும் நட்டமில்லை. அதனையே பிறர்க்கு விலைகூறும்போதும், நோயாளி மருந்தை விடுத்து அதனடியில் அமரும்போதும், ஒருவரது ஆராயாத நம்பிக்கைக்கு மற்றொருவர் விலை கொடுக்கிறார். கூலியில் மிச்சம் பிடித்த காசும் கழிந்துபோன நாளும் திரும்பி வருமா? தாமே ஐயமறத் தெளியாததைப் பிறர்க்கு உறுதியாகக் கூறுவது பொய்யுரைப்பதற்கு மிகத் தொலைவிலில்லை.

இந்நீதி நம்பாதார்க்கும் பொருந்தும். சோதியாமலே நகைப்பதும் ஒரு குருட்டு நம்பிக்கையே. ஆகவே அன்பர்களே, எவரேனும் ஒரு சக்தியைப் புகழ்ந்துரைத்தால் சினமும் வேண்டா, ஏளனமும் வேண்டா. “இரண்டாம் பெட்டி எங்கே?” என்று அமைதியாகக் கேளுங்கள். தாம் தோற்கக்கூடிய சோதனைக்கு உடன்படுபவர் எக்கட்சியினராயினும், அவரே உண்மையை நாடுபவர்.