கன்றை நட்டாயிற்று, தண்ணீர் யார் ஊற்றுவது?



ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ சாப்பிட்டால் அது அவருக்கு ஸதகா என்ற ஹதீஸ் நம் மக்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் தெருவில் மரக்கன்று நடுகிறோம் என்றால் ஜமாஅத்தார் முதல் ஆளாக வந்து நிற்கிறீர்கள். மாஷா அல்லாஹ். நான் கேட்பது அதற்கு அடுத்த கேள்வி. நட்ட கன்று மூன்றாம் மாதம் காய்ந்து போனால் அந்த ஸதகா என்ன ஆகிறது?

"நிய்யத்துக்குக் கூலி உண்டே ஹஸ்ரத்" என்பீர்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஹதீஸில் நன்மை, பிற உயிர்கள் பயன் பெறுவதோடு சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. காய்ந்த குச்சியில் எந்தப் பறவை சாப்பிடும்? முஸ்னத் அஹ்மதில் இன்னோர் அறிவிப்பு வருகிறது. யமனில் வயலுக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஃபன்னஜ் என்பவரிடம் ஒரு நபித்தோழர் சொன்ன செய்தி அது. மரத்தை நட்டு, அது காய்க்கும் வரை பொறுமையோடு காத்துப் பராமரிப்பவருக்கு, அதன் கனியில் எது யாருக்குப் போனாலும் ஸதகாவாக எழுதப்படும் என்பது அதன் கருத்து. அறிவிப்பாளர் தொடரில் உலமாக்களுக்குள் பேச்சு உண்டு. ஆனாலும் அதிலுள்ள 'ஸப்ர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நோய்க்கும் மையித்து வீட்டுக்கும் மட்டும் நாம் ஒதுக்கி வைத்திருக்கும் சொல், இங்கே தண்ணீர்க் குடம் தூக்குகிறவருக்கு வருகிறது.

நம் ஊருக்கு இந்த ஸப்ர் அதிகமாகவே வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கு பச்சை என்று வெளியூர்க்காரர் நினைக்கிறார். 1895-இல் பெரியாறு அணை கட்டி முடிந்த பிறகு வந்த தண்ணீர் வயலுக்கும் தோப்புக்கும் போகிறது, தெருவுக்கு வருவதில்லை. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலை அந்தப் பக்கமே இறக்கிக்கொள்கிறது. ஆனி, ஆடியில் நமக்கு வந்து சேருவது காற்றுதான். ஆண்டிப்பட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது சும்மாவா? ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் என்று அன்றைக்கே நட்டுவிட்டு வந்தால், வேர் பிடிக்குமுன் காற்று கன்றை ஆட்டியே கொன்றுவிடும். நமக்கு ஐப்பசி மழைதான் தோது. இரண்டடிக்குக் குறையாத குழி, மக்கிய எரு, கன்றோடு ஒரு கம்பு, ஆட்டுக்கு எட்டாத கூண்டு. பிறகு இரண்டு கோடை, வாரம் இரண்டு முறை ஒவ்வொரு குடம் தண்ணீர். இவ்வளவுதான். இந்த இரண்டு கோடைதான் யாருக்கும் முடியவில்லை!

திண்டுக்கல்–குமுளி சாலையின் ஓரத்துப் புளியமரங்கள் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சாலை அகலமானபோது பல போய்விட்டன. சாலை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நாமும் அதில்தான் தேனிக்குப் போகிறோம். ஆனால் நிழல் பாலைவனத்திலும் ஹக்கு. இலந்தை மரத்தை வெட்டுவதைக் கண்டித்து வந்த ஹதீஸுக்கு இமாம் அபூதாவூத் தரும் விளக்கம், வழிப்போக்கரும் கால்நடையும் நிழலுக்கு ஒதுங்கும் மரத்தைத் தேவையில்லாமல் வெட்டுபவரைப் பற்றியது. அந்தப் புளியமரங்களை வளர்த்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. மதுரைச் சீமையில் சாலையோர மரங்கள் என்றால் ராணி மங்கம்மாளைச் சொல்வார்கள். நம் பாட்டன்மார் அந்த மாதிரி நிழல்களில் உட்கார்ந்தபோது நட்டவர் எந்த மார்க்கம் என்று கேட்கவில்லை. நாளை நம் கன்றின் நிழலில் உட்காருபவரிடம் நாமும் கேட்கப்போவதில்லை.

தண்ணீருக்கு எங்கே போவது? பெருமானார் (ஸல்) அவர்கள் ஒளுச் செய்தது ஒரு 'முத்' அளவு நீரில், ஏறக்குறைய ஒரு லிட்டர். நாம் குழாயைத் திறந்துவிட்டு ஊர்க்கதை பேசுகிறோம். ஆளுக்கு ஐந்து லிட்டர், ஒரு வக்துக்கு நூறு பேர் என்று வையுங்கள்: 500 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. ஒளுவுக்காக வக்ஃப் செய்த தண்ணீரைத் தெரு மரத்துக்கு ஊற்றலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். நல்ல தயக்கம்தான். தொட்டியிலிருந்து எடுக்க வேண்டாம். ஒளுச் செய்து வழிந்த நீரை எடுங்கள். அதைக் கொண்டு மீண்டும் ஒளுச் செய்ய முடியாதே தவிர, அது சுத்தமான நீர்தான். ஒரு குழாய் போட்டுத் திருப்பினால் போதும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தெரு எல்லோருடைய ஹக்கு. பாதையில் இடைஞ்சலாக இருந்த முள்கிளையை அகற்றியவருக்கு மன்னிப்புக் கிடைத்த ஹதீஸையும் மறக்க முடியாது. மின்கம்பிக்குக் கீழே ஆலமரத்தை நட்டு, வாரியத்துக்காரர் வந்து மொட்டையடிக்கும்போது கண்ணீர் விடுவதில் அர்த்தமில்லை. அங்கே பூவரசு போன்ற உயரம் குறைந்ததைக் கிளை கழித்து வளர்க்கலாம். அகலமான இடத்துக்கு வேம்பு, புங்கை. குல்மோகர் வேண்டாம், நம் ஊர்க் காற்றில் கிளை முறிந்து யார் தலையிலாவது விழும். ஊராட்சியிலோ நகராட்சியிலோ சொல்லிவிட்டு நடுங்கள். கடை போர்டு மறைகிறது என்று வேரில் வெந்நீர் ஊற்றுகிறவரும், ஜல்ஸா விளம்பரத்தை மரத்தில் ஆணியடித்து மாட்டுகிறவரும் என்ன செய்கிறோம் என்று யோசிக்கட்டும். சிமெண்ட் போடும்போது அடிமரத்தைச் சுற்றி மூன்றடி மண் விடச் சொல்லுங்கள்.

எத்தனை கன்று நடுவது என்று கேட்கிறீர்கள். பங்குனி, சித்திரை வெயிலில் குடம் தூக்க எத்தனை வீடு தயார் என்று முதலில் எண்ணுங்கள், அத்தனை கன்று போதும். ஒரு வீட்டுக்கு ஒன்று. வெளியூர் போகும் வாரத்துக்குப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அவர் எந்தச் சமூகத்தவராக இருந்தாலும். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் தொழுகை முடிந்ததும் முஅத்தினைப் பாருங்கள்.