மீட்புக் கப்பலும் பகைவரின் சிதைவும்

மீட்புக் கப்பலின் பெருமையை அது காத்த உயிர்களின் தொகைகொண்டு மட்டும் அளக்கலாமா? 1971இல் இந்தியக் கடற்படைப் பணியில் இணைந்த ‘நிஸ்தார்’, ஆபத்துக்குள்ளாகும் நீர்மூழ்கிகளின் மாலுமிகளை மீட்பதற்கென அமைந்த கப்பல். ஆயின் அவ்வாண்டு டிசெம்பரில் விசாகப்பட்டினத்துக்கு அப்பால் அதன் சுழியோடிகள் இறங்கியது, மூழ்கிக் கிடந்த பாகிஸ்தானிய நீர்மூழ்கி ‘காஸி’யை ஆராய்வதற்கு. அங்கே மீட்பதற்கு உயிர் எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

கடற்போரில் மாண்டோரைத் தேடவும், அவர்தம் உடல்கள் சூறையாடப்படாது காக்கவும் 1949ஆம் ஆண்டின் இரண்டாம் ஜெனீவா உடன்படிக்கை பணிக்கின்றது. பகைவர், தம்மவர் என அது பிரிப்பதில்லை. எனவே சிதைவினுள் நுழையும் சுழியோடிக்குக் கடமைகள் இரண்டு: நாட்டுக்கான தடயம் தேடல், மாண்டோரின் மானம் காத்தல். முன்னதைச் செய்தானா என மேலதிகாரிகள் வினவுவர். பின்னதற்குக் கடலடி இருளில் அவன் மனச்சான்றன்றிச் சாட்சி வேறில்லை. மீட்புக் கப்பலின் பெருமை அங்கேயும் அளக்கப்படல் வேண்டும்.