பிழை விடுவதற்கு ஓர் ஆங்கிலம்

வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் ஆட்சேர்ப்பு அறிவித்தல் ஏதும் வந்துவிட்டால் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் அன்று பின்னேரமே தெரிந்துவிடும். வழக்கமாகப் பேப்பர் பார்க்க வருகிற பெரியவர்களோடு இளம் பிள்ளைகளும் வாங்கில்களில் நெருக்கி அமர்ந்திருப்பார்கள். ஒருவர் கைபேசியில் அறிவித்தலைத் திறந்து கல்வித் தகைமை, வயதெல்லை, பரீட்சைக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வாசிப்பார். பரீட்சைப் பாடங்கள் என்ற இடம் வந்ததும் எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்: "இங்கிலீஷ் பேப்பர் இருக்கோ?" நுண்ணறிவுக்கு அவர்கள் இவ்வளவு பயப்படுவதில்லை. பொது அறிவை மனனம் செய்துவிடலாம் என்ற துணிவும் உண்டு. ஆங்கிலம் இருக்கிறது என்றால்தான் முகம் மாறும்.

இந்தப் பிள்ளைகளுக்கு அதே நிலையத்தின் பின் அறையில் மாலையில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். வங்கிப் பரீட்சைக்கு ஆயத்தப்படுகிறவர்கள், முகாமைத்துவ உதவியாளராக விரும்புகிறவர்கள், பட்டம் முடித்து வேலையில்லாமல் இருப்பவர்கள் எல்லோரும் வருவார்கள். 2017 இல் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் வேலை கேட்டு மாதக்கணக்கில் இருந்த பட்டதாரிகளை மறக்காதவர்களுக்கு, இவர்கள் ஏன் இத்தனை பரீட்சைகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. என் மனதை அரிக்கிற கேள்வி வேறு. வெட்டுப்புள்ளியைத் தாண்டுவதற்காக மட்டும் ஒரு மொழியைப் படிக்கிற பிள்ளை, பரீட்சை முடிந்த பிறகு அந்த மொழியோடு எப்படி வாழப் போகிறது?

எல்லோரிடமும் ஒரு சொற்கொப்பி இருக்கிறது. பக்கத்தின் நடுவே கோடு கீறி, இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்க் கருத்து. அகராதியின் முதற் பக்கத்தில் தொடங்கியிருப்பார்கள். அபாண்டன், கைவிடு. அபேற், தணி. அபொலிஷ், ஒழி. கையெழுத்து அவ்வளவு வடிவாக இருக்கும். ஆனால் நான் பார்த்த கொப்பிகளில் பெரும்பாலானவை 'சி' எழுத்தைத் தாண்டவில்லை. அதற்குள் பரீட்சை வந்துவிடும், அல்லது மனம் சலித்துவிடும். அடுத்த அறிவித்தலுக்குப் புதுக் கொப்பி, மறுபடியும் 'ஏ'. இப்படிப் படிக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். எந்தச் சொல்லும் தனியே வராது. அதற்கு முன்னால் வழக்கமாக வருவது எது, பின்னால் ஒட்டி வரும் பிரெப்பொசிஷன் எது என்பதைத்தான் வினாத்தாளும் கேட்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பந்தி வாசித்து, அதில் தெரியாத சொற்களை அவை இருந்த வசனத்தோடு சேர்த்து எழுதி வைத்தால் புள்ளியும் கூடும். பாஸ்ற் பேப்பர் செய்வதும் நல்லது, ஆனால் விடையை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பக்கூடாது. மற்ற மூன்று விடைகளும் ஏன் பிழை என்று வாய்விட்டுச் சொல்ல முடிய வேண்டும். பயிற்சி முறை பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதைச் சொல்லிக் கொடுக்க அதிக நாள் தேவையில்லை.

நாள் பிடிப்பது வேறொன்றைச் சொல்லிக் கொடுக்க. அதற்கு இந்த மண்ணின் பழைய கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினறியைத் தொடங்கினார்கள். தங்கள் மதத்தைப் பரப்பும் ஆட்கள் அங்கிருந்து வருவார்கள் என்பது அவர்களின் எண்ணம். படித்த பிள்ளைகளில் பலர் ஆங்கிலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள். பொஸ்ரனிலிருந்த தலைமையகத்துக்கு இது பெரிய மனக்குறை. அதன் செயலாளர் றூபஸ் அண்டர்சன் நேரில் வந்து பார்த்த 1855 ஆம் ஆண்டிலேயே செமினறி மூடப்பட்டது. மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த டொக்ரர் சாமுவேல் கிறீனுக்கும் இதே கவலை. ஆங்கிலத்தில் படித்த வைத்தியர்கள் அரசாங்கச் சம்பளத்துக்குப் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தால் ஊரிலே நிற்பார்கள் என்று எண்ணி, 1860களில் அவர் கற்பித்தலையே தமிழுக்கு மாற்றினார். வைத்திய நூல்களைத் தமிழில் பெயர்த்தார். கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கவேணும் என்று சொல்லி வளர்ந்த ஊரல்லவா இது!

உத்தியோகத்துக்காக ஆங்கிலம் படித்தார்கள் என்பதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அந்தச் செமினறியில் படித்தவர்தான். 1857 இல் உருவான சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள்: அவரும் விசுவநாதபிள்ளையும். தாமோதரம்பிள்ளை உத்தியோகமும் பார்த்தார், புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். அதே மனிதர்தான் ஏடுகளைத் தேடித்தேடிச் சேர்த்து 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். சம்பளத்துக்கென்று படித்த மொழியால் அவருடைய வாழ்க்கை ஒடுங்கிப் போகவில்லை.

போட்டிப் பரீட்சையையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். வட்டுக்கோட்டைச் செமினறி மூடப்பட்ட அதே 1855 இல்தான் இந்திய சிவில் சேவைக்கான முதலாவது திறந்த போட்டிப் பரீட்சை இலண்டனில் நடந்தது. அதற்கு முன்பு பெரிய இடத்துச் சிபாரிசு இருந்தவனுக்கே பதவி. யாருடைய பிள்ளை என்று வினாத்தாள் கேட்பதில்லை; அது பெரிய விஷயம். நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, முதல் நாளே யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கும் கொழும்பில் காரில் வந்து இறங்குகிற பிள்ளைக்கும் ஒரே தாள்தான். ஆனால் ஆங்கிலத் தாள் வரும்போது அந்தச் சமம் கொஞ்சம் சரிகிறது. தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் வன்னியிலும் ஆங்கில ஆசிரியர் இல்லாமலே வகுப்பேற்றப்பட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் இருபத்தைந்து வயதில் தொடங்குகிறார்கள்.

மொழிப் பரீட்சை மனிதரை எவ்வளவு வருத்தும் என்பதை எங்கள் தகப்பன்மார் காலம் இன்னும் கடுமையாகக் கண்டது. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு, ஆங்கிலத்தில் வேலை செய்து வந்த தமிழ் அலுவலர்கள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத வேண்டியதாயிற்று. அதில் சித்தி பெறவில்லை என்பதற்காக 1962 இல் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட எழுதுவினைஞர் செல்லையா கோடீஸ்வரன் வழக்குப் போட்டார். அந்த வழக்கு 1969 இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. எத்தனையோ பேர் வழக்கும் இல்லாமல், வாதமும் இல்லாமல், நேரத்தோடு ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆங்கிலப் பரீட்சை உத்தியோகம் தந்தது, சிங்களப் பரீட்சை அதைப் பறித்தது. இப்படி இரண்டு தலைமுறை வாழ்ந்த வீடுகளில், மொழி என்றதுமே சரி பிழை பார்க்கிற பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. பிழை விட்டால் சோறு போய்விடும் என்ற பயம் பிள்ளைகளின் நாக்கில் இருக்கிறது.

என்னிடம் வருகிறவர்களில் ஒரு பிள்ளை இலக்கணத்தில் வலு கெட்டி. காலத்துக்கு வரும் மூன்று பிரெப்பொசிஷன்களையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள்: மாதத்துக்கு 'இன்', கிழமை நாளுக்கு 'ஒன்', மணிக்கு 'அற்'. நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து அவளுடைய பெரியம்மாவின் பேரன் வந்திருந்தான். பத்து வயதுப் பையன், தமிழ் விளங்கும், பேச வராது. தேர் எத்தனை மணிக்கு வெளிக்கிடும் என்று இவளிடம் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறான். பதில் தெரியும். அந்தப் பதிலுக்கு வேண்டிய சொற்கள் அத்தனையும் தெரியும். வாய் திறக்கவில்லை. "பிழையாச் சொல்லிடுவன் எண்டு பேசாமல் இருந்திட்டன் ரீச்சர்," என்றாள். அவன் திருவிழா முடிந்து போகும் வரைக்கும் அவளிடம் வேறொன்றும் கேட்கவில்லையாம்.

பிள்ளையின் குணத்தில் கூச்சம் இருக்கலாம். ஆனால் அவளை மௌனமாக்கியதில் நாங்கள் கொடுத்த பயிற்சிக்கும் பங்கு உண்டு. பரீட்சை மண்டபத்தில் தெரியாத கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது புத்தி. நடுமுற்றத்தில் ஒரு குழந்தை கேட்கும்போது விட்டுவிட்டால் ஓர் உறவு தொடங்காமலே போய்விடுகிறது. அந்தப் பையன் அவளுடைய 'அற்'றைத் திருத்தியிருக்க மாட்டான். தேர் எப்போது என்று தெரிந்துகொண்டு, அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பான்.

போட்டிப் பரீட்சை ஓர் அரிதட்டு. கொஞ்ச இடங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் வரும்போது பெரும்பாலானோரைக் கழித்துவிடுவதுதான் அதன் வேலை. நன்றாக எழுதியவர்களும் கழிந்து போவார்கள். அறிவித்த பதவிகள் பத்து என்றால், பதினோராவது ஆளின் ஆங்கிலமும் பத்தாவது ஆளின் ஆங்கிலமும் ஏறக்குறைய ஒன்றுதான். இதைத் தெரிந்துகொள்ளாத பிள்ளை பெறுபேறு வந்த அன்று, "எனக்கு இங்கிலீஷ் வராது" என்ற முடிவோடு வீட்டுக்குப் போகிறது. பதவி கிடைக்கவில்லை என்பது உண்மை. மொழி வராது என்பது யாரும் சொல்லாத தீர்ப்பு, அதை அந்தப் பிள்ளை தானாகவே தனக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த இருபது வருடத்துக்கு அதை நம்பவும் செய்கிறது. நான் அடம்பிடித்து எதிர்ப்பது இந்தத் தீர்ப்பைத்தான்.

ஆகவே பிள்ளைகளிடம் இரண்டு ஆங்கிலம் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். ஒன்று பரீட்சைக்கு: கவனமாக, விதிப்படி, நேரம் பார்த்து. மற்றது பிழை விடுவதற்கு. அதில் ரென்ஸ் மாறலாம், 'த' விடுபடலாம், சொல் வராத இடத்தில் தமிழைப் போட்டு நிரப்பலாம். வகுப்பின் கடைசிப் பகுதியில் கொப்பிகளை மூடிவிட்டு அதைத்தான் பேசுகிறோம். யாரும் யாரையும் திருத்தக்கூடாது என்பது சட்டம். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு தம்பி, தன் மோட்டார்சைக்கிள் கோண்டாவில் சந்தியில் பழுதாகி நின்ற கதையைச் சொன்னான். வினைச்சொற்கள் எல்லாம் நிகழ்காலத்தில் வந்தன. கதை முழுக்க விளங்கியது.

இரண்டாவது ஆங்கிலத்துக்கு எங்கள் வீடுகளில் வேலை நிறையக் கிடக்கிறது என்பதையும் அப்போதுதான் எல்லோரும் பார்க்கத் தொடங்கினோம். விசா மறுத்து வந்த கடிதத்தை வாசித்துச் சொல்ல ஏஜென்சிக்குக் காசு கொடுக்கிறார்கள். அம்மாவின் கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பது மகளுக்குத் தெரியாது. எல்லாவற்றிலும் மோசம் கடன் பத்திரங்கள். போருக்குப் பிறகு வடக்கில் எத்தனை பெண்கள் கடனில் அகப்பட்டுத் தவிக்கிறார்கள் என்பது ஊரறிந்தது. கையெழுத்து வைத்த பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று வாசித்தறிய முடியாதவர்கள் அவர்களில் எத்தனையோ பேர்.

நல்லூரில் பேசாமல் நின்ற அதே பிள்ளையின் பக்கத்து வளவு அக்கா, கணவனின் ஓட்டோவுக்கு லீசிங் எடுத்திருந்தார். இரண்டு தவணை பிந்திவிட்டது. ஓட்டோவைச் சீஸ் பண்ணப் போகிறார்கள் என்று தொலைபேசியில் மிரட்டல். ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலம். பிள்ளை அதை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். நாங்கள் எல்லோரும் சுற்றியிருந்து வரிவரியாக வாசித்தோம். மேலதிகக் கட்டணம் அறவிடப்படும். வாகனம் மீளக் கையேற்கப்படும். அறிவித்தல் சேர்ப்பிக்கப்பட்டதாகக் கருதப்படும்.

கொஞ்ச நேரத்தில் அவள் தலையை நிமிர்த்தினாள். "ரீச்சர், எல்லாம் பசிவ் வொய்ஸ். ஒரு வசனத்திலயும் 'பை' இல்லை." செய்தவர் யாரென்பது முக்கியமில்லை என்றால் 'பை'யோடு வரும் பகுதியை விட்டுவிடலாம் என்பது நாங்கள் பாஸ்ற் பேப்பர்களில் பல தடவை செய்த பயிற்சி. இந்தப் பத்திரத்தில் செய்கிறவர் யார் என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். யாரால் அறவிடப்படும்? எந்தக் கணக்கில்? அறிவித்தல் வந்ததாகக் கருதுவது யார், வந்தே இல்லை என்றால் என்ன? அவள் ஒவ்வொரு வசனத்துக்கும் எதிரே "யாரால்?" என்று பென்சிலால் எழுதிக்கொண்டே போனாள். செயப்பாட்டு வினையைச் செய்வினையாக மாற்று என்ற கேள்விக்கு அவள் அதற்கு முன் எத்தனையோ தடவை சரியாக விடை எழுதியிருக்கிறாள். விடை யாருக்காவது தேவைப்பட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் அந்த அக்காவோடு அவளும் அலுவலகத்துக்குப் போனாள். கேள்விகளைத் தமிழில்தான் கேட்டாள், ஆனால் பத்திரத்தின் எந்தப் பந்தி என்று சுட்டிக்காட்டிக் கேட்டாள். பிந்திய தவணைகளைப் பிரித்துக் கட்ட எழுத்தில் ஒரு கால அவகாசம் கிடைத்தது. மேலதிகக் கட்டணத்தைக் குறைக்கவில்லை.

வங்கிப் பரீட்சையின் பெறுபேறு இன்னும் வரவில்லை. அவள் அடுத்ததற்கும் விண்ணப்பித்துவிட்டாள், நானும் விண்ணப்பிக்கத்தான் சொன்னேன். இதற்கிடையில் சனசமூக நிலையத்துக்குப் பத்திரங்களோடு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்: காணி உறுதி, காப்புறுதி, வெளிநாட்டிலிருந்து வந்த நீதிமன்றக் கடிதம் என்று. பல சொற்கள் எங்கள் எவருக்கும் தெரியாதவை. அகராதியைப் புரட்டிக் கருத்துச் சொல்லலாம், ஆனால் அந்தக் கருத்தை வைத்துக்கொண்டு ஒருவர் கையெழுத்திடலாமா கூடாதா என்று சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை. கிழமையில் ஒரு பின்னேரம் வந்து இருக்கக்கூடிய சட்டத்தரணி ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.